இடது தோளுக்கு அடுத்த இடம்

சதக் தன் அண்ணனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மீன் ஏலத் தளத்தில், சுபுஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் இன்னும் சரியாக விழாத நேரத்தில். நூகு காக்கா முழங்கை வரை சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, நெஞ்சு உயர ஐஸ் பாளத்தைக் கட்டையால் அடித்து உடைத்துக்கொண்டிருந்தார். வாய் மூடியே இருந்தது, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் தொண்டைக்குள் ஏதோ ஒன்று போய்ப் போய் வந்தது. அது அல்லாஹ்வுடைய பெயர் என்று கீழமுனையில் மீன் வாங்கும் பெண்களுக்கும் தெரியும், வள்ளம் இழுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் தெரியும், சதக்குக்கும் தெரியும்.

"தம்பி, இந்த வெள்ளிக்கிழமை நம்ம பள்ளிக்கே வாறேன். ஒன் பக்கத்துல எனக்கு ஒரு எடம் போட்டு வை" என்றார் நூகு காக்கா.

"பள்ளியில யாரும் யாருக்கும் எடம் போடக் கூடாது காக்கா. முந்தி வந்தவன் முந்தி நிப்பான். போர்டே மாட்டியிருக்கு."

"நீ மாட்டுன போர்டுதானே?"

"யாரு மாட்டுனா என்ன, மார்க்கம் ஒண்ணுதானே."

நூகு காக்கா சிரித்தார். மீசையில் ஐஸ் துகள் ஒட்டியிருந்தது. "சரி விடு. நானே போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாளத்துக்குத் திரும்பிக்கொண்டார். சதக் இரண்டு கிலோ ஊளி மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். புதன்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், ஐஸ் கொட்டகையில் உமி மூட்டைமேல் உட்கார்ந்த வாக்கிலேயே நூகு காக்கா மௌத்தாகிவிட்டார், கட்டை அவர் மடியிலேயே கிடந்தது.

அண்ணன் தம்பிக்கு நடுவில் பேச்சு குறைந்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சதக் தம்மாமில் ஏசி மெக்கானிக்காகப் பல வருடம் இருந்து, அங்கே ஓய்ந்த நேரமெல்லாம் மார்க்க வகுப்புகளில் உட்கார்ந்து, படைத்தவனுக்கும் மனிதனுக்கும் நடுவில் ஒரு தூசும் இருக்கக் கூடாது என்ற ஒரே எண்ணத்தோடு ஊர் திரும்பியவன். அந்த எண்ணத்தில் பொய் இல்லை. பள்ளிவாசல் கமிட்டிக்குச் செயலாளராகி, தொழுகைக்குக் கைகால் கழுவும் ஹவுளுத் தண்ணீரை மாதம் ஒரு முறை மாற்ற வைத்ததும் அவன்தான், கணக்கை எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வைத்ததும் அவன்தான், வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்து, ஞான குருவான ஷேகின் கையைப் பிடித்து வாக்குக் கொடுப்பதும், வட்டமாக உட்கார்ந்து ராத்திபு ஓதி ஆடுவதும் நபி காட்டித் தராத பித்அத் என்று மிம்பரில் நின்று சொல்ல வைத்ததும் அவன்தான்.

நூகு காக்கா இலங்கையிலிருந்து வந்த ஒரு ஷேகின் கையைப் பிடித்து இளம் வயதிலேயே அவருக்குச் சீடராக, முரீதாக ஆனவர். வியாழன்தோறும் பள்ளிவாசலை ஒட்டிய தைக்கா என்ற சிறு அறையில் ராத்திபு நடத்துகிறவர். அன்று அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து அந்தப் பேச்சை முழுதும் கேட்டார், தொழுதார், செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அடுத்த வெள்ளியிலிருந்து ஜும்ஆத் தொழுகைக்குச் சைக்கிளில் அடுத்த ஊரான மேலமுனைக்குப் போகத் தொடங்கினார்.

அவரிடம் பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது. ஒரு தடவை தைக்காவின் பெரியவர் பாவா லெப்பை, கேட்பவர்கள் நாலு பேர் கூடியிருக்கும்போது, "ஐஸு கரைஞ்சு தண்ணியாவுற மாதிரி நாம அவன்ல கரையணும், இல்லையா நூகு?" என்று கண் கலங்கக் கேட்டதற்கு, "ஐஸு கரைஞ்சா நட்டம் மாமா. சாக்கப் போட்டு மூடுங்க" என்றார்.

மையித்தைத் தூக்கும்போது பாவா லெப்பையும் ஆட்களும் சந்தூக்குப் பெட்டியின் முன்னால் சத்தமாகக் கலிமாச் சொல்லிக்கொண்டு போக நின்றார்கள். சதக் கூடாது என்றான். அண்ணனின் மையித்து, தம்பியின் சொல். ஊர் வாயை மூடிக்கொண்டு அடக்கம் செய்யும் மையவாடி வரை நடந்தது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கூட வந்த மீனவர் சூசை, என்னடா இது, பாய் வீட்டுச் சாவு இவ்வளவு அமைதியாகவா போகும் என்று யோசித்துக்கொண்டே கடைசி ஆளாக நடந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. குத்பாப் பேச்சு முடிந்து, தொழுகைக்கு எழச் சொல்லும் இகாமத் சொல்லி எல்லாரும் எழுந்தார்கள். இமாம் இல்யாஸ் ஹள்ரத், வயதில் சிறியவர், வழக்கம்போலத் திரும்பி நின்று, "சஃப்ப சரி செய்ங்க, தோளோட தோள் ஒட்டி நில்லுங்க, எடைவெளி விடாதீங்க" என்றார். முதல் வரிசையில் சதக்கின் இடது தோளுக்கு அடுத்து ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் கிடந்தது. அடுத்து நின்ற கிதுரு மாஸ்டர், கல்யாண வீடுகளில் பிரியாணி போடுகிறவர், பள்ளிவாசலிலேயே பருமனான ஆள், ஒரு எட்டு வலப்பக்கம் நகர்ந்தார். இடம் அப்படியே இருந்தது. இன்னொரு எட்டு நகர்ந்தார். அவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் நகர்ந்தார்கள், வரிசை முழுதும் தெற்குச் சுவரிலிருந்து விலகி வலப்பக்கம் நகர்ந்தது, அப்படியும் சதக்குக்கும் கிதுரு மாஸ்டருக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் கிடந்தது. இரண்டாம் வரிசையிலிருந்து ஒருவரை முன்னால் வரச் சொன்னார்கள். அவர் வந்து அந்த இடத்தில் கால் வைத்தார், கையைக் கட்டினார், பார்த்தால் இரண்டாம் வரிசையில் தன் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நேரமாகிறது என்று ஹள்ரத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டார்.

தொழுகை முடிவில் வலப்பக்கம் சலாம் கொடுத்து, இடப்பக்கம் முகத்தைத் திருப்பி, உங்கள்மீது சாந்தி உண்டாகட்டும் என்று சதக் சொன்னபோது அவன் முகத்துக்கு எதிரே யாரும் இல்லை, கிதுரு மாஸ்டரின் காது தூரத்தில் தெரிந்தது. அவனுடைய இடது சட்டைக்கை தோளிலிருந்து முழங்கை வரை ஈரமாக, சில்லென்று இருந்தது.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் வாரம் தொழுகைப் பாயைக் குறை சொன்னது. பாய் இழுத்துக்கொண்டு போகிறது என்று சுருட்டி வைத்துவிட்டு வெறும் தரையில் தொழுதார்கள். அடுத்த வாரம் கொத்தனார் நூல் பிடித்து அளந்து, பள்ளிவாசல் வெளியே இருக்கிற அகலத்தைவிட உள்ளே ஓர் ஆள் அகலம் கூடுதலாக இருக்கிறது, நான் கட்டினதில்லை, எனக்கு முந்தி கட்டினவன் கைவேலை என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போனார். கிதுரு மாஸ்டரையே அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம், அவரை எந்த இடமும் வெளியே தள்ள முடியாது என்று ஒரு யோசனை வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி அவர் நின்றார். நின்றவர் இரண்டாம் வரிசையில் இருந்தார், அங்கே ஏற்கனவே நின்ற இருவர் அவருக்கு இரு பக்கமும் நசுங்கினார்கள்.

"நல்லாத்தான் இருக்கு, இங்க காத்தும் வருது" என்றார் மாஸ்டர்.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. பாங்கு சொல்லும் மோதினார் பெருக்கும்போது அந்த இடத்தையும் சேர்த்துப் பெருக்கினார். நிக்காஹ் செய்யப்போகும் மாப்பிள்ளைகளை அதற்கு நேர் பின்னால் இரண்டாம் வரிசையில் நிறுத்துவது பரக்கத் என்று யாரோ ஆரம்பித்து அது வழக்கமாகிவிட்டது. பெண்கள் புருஷன்மாரிடம், "எடது பக்கம் சலாம் குடுக்கும்போது எங்க சலாத்தையும் சேத்து நூகு காக்காவுக்குச் சொல்லிருங்கோ" என்று சொல்லியனுப்பினார்கள். மீன் தளத்தில் சூசையிடம் சொன்னபோது, "எடம் புடிச்சிட்டாரா? புடிப்பாரு. இன்னைக்கு வாரேன்னு சொன்னா வந்துருவாருல்ல எங்க பாயி" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பழகாதவன் சதக் ஒருவன்தான். ஐந்து நேரமும் இடது தோள் குளிர்ந்தது, ஐந்து நேரமும் சட்டைக்கை நனைந்தது. ஓதும்போது வசனம் மறந்தது, எத்தனையாவது ரகஅத் என்பது மறந்தது. ஒரு நாள் அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் நடுவில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை கரைத்துக்கொண்டு வந்து அந்த இடத்துத் தரையிலும் தூணிலும் பிரஷ்ஷால் தடவினான். பிரிட்ஜில் கேஸ் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க அப்படித்தான் செய்வார்கள், கசிகிற இடத்தில் நுரை குமிழ் விடும். கன்னத்தைத் தரையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நுரை காய்ந்து வெள்ளைக் கறையானது. மோதினார் வாளியோடு பின்னால் நின்றுகொண்டு, "கசிவு கிடைச்சுதா காக்கா?" என்று கேட்டார்.

ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றதும் அப்போதுதான். பாவா லெப்பை, அது இறைநேசரான வலியுடைய இடம், கபுருச் சமாதிக்குச் செய்வதுபோலப் பச்சைத் துணி போர்த்தி, நாலு பக்கமும் கம்பி அடைத்து, சந்தனம் பூச வேண்டும் என்றார். செல்போன் கடை ஷிஹாப், சதக்கைவிட இளையவன், சதக்கிடம் பாடம் கேட்டு சதக்கையே மிஞ்சியவன், இதெல்லாம் ஷைத்தானின் வேலை, தைக்கா நிற்கிறவரை இடைவெளி மூடாது, கைகால் கழுவி ஒளூ செய்யும் இடத்தைப் பெரிதாக்கத் தைக்காவை இடிப்பதென்று கமிட்டி போட்ட தீர்மானம் தூங்குகிறது, அதை எழுப்புங்கள் என்றான். இருவரும் ஹவுளுக்கரையில் நேருக்கு நேர் நின்று கத்தினார்கள்.

"பள்ளிவாசலுக்குள்ள கபுரு கட்டணுமாவே ஒமக்கு?"

"ஒன் வாப்பாவுக்குப் புள்ள வேணும்னு ராத்திபு ஓதித்தான்டா நீ பொறந்த. ஒன் உம்மாட்டப் போய்க் கேளு."

"எதுக்கு எங்க உம்மாவ இழுக்கியரு?"

"சரி, அவள விடு. நீ பொறந்ததுதான் பித்அத்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் சண்டை அன்றைக்கு நின்றது. சதக் மட்டும் சிரிக்கவில்லை. அவன் இல்யாஸ் ஹள்ரத்தின் அறைக்குப் போய், நின்றபடியே கேட்டான். "இந்த எடைவெளியோட தொழுதா தொழுகை கூடுமா ஹள்ரத்?"

"கூடும். நீங்க மூடத்தானே பாக்கிறிய, முடியலை. ஒங்க மேல குத்தம் இல்ல."

"அப்ப ஏன் எனக்கு ஒரு ரகஅத்து கூட நிலைக்க மாட்டேங்குது?"

ஹள்ரத் தாடியைத் தடவிக்கொண்டார். சம்பளம் கொடுக்கிற கமிட்டியின் செயலாளரிடம் எதுவரை பேசலாம் என்று அவருக்கு யோசனை. "காக்கா, ஓதிக் குடுக்கும்போது எங்களுக்கு மூணு சொல்லுவாங்க. குனிஞ்சு நிமிருறது ஒண்ணு. நம்புறது ஒண்ணு. அவன் நம்மளப் பாத்துக்கிட்டிருக்கான்னு ஒடம்புல தெரிஞ்சு தொழுவுறது ஒண்ணு. மொத ரெண்டுக்கும் கிதாபு நெறைய இருக்கு, அளந்து சொல்லிரலாம். மூணாவதைத்தான் தைக்காக்காரங்க பழகிப் பாக்குறாங்க. சில பேரு பழகுறாங்க, சில பேரு ஆடிட்டுப் போறாங்க. அதுக்காக அது மார்க்கத்துக்கு வெளியன்னு மட்டும் என் வாயால சொல்ல முடியாது."

"அன்னைக்கு மிம்பர்ல சொன்னப்ப நீங்க சும்மாத்தானே இருந்திய?"

"நீங்கதானே காக்கா அவரக் கூட்டிட்டு வந்திய" என்றார் ஹள்ரத்.

அடுத்த வெள்ளி சதக் பஸ் ஏறி மேலமுனைக்குப் போனான். இடைவெளி பள்ளிவாசலுடையதா தன்னுடையதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அங்கே யாருக்கும் அவனைத் தெரியாது. நடு வரிசையில் இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்து நின்றான். இகாமத் சொன்னதும் இடப்பக்கத்து ஆள் தானாக ஒதுங்கினார், தோள் குளிர்ந்தது. தொழுகை முடிந்து அவன் சட்டைக்கையைப் பிழிந்துகொண்டிருந்தபோது அந்தப் பள்ளியின் வயதான மோதினார் வந்து உற்றுப் பார்த்தார்.

"நீங்க கீழமுனையா? ஐஸு நூகுக்கு என்ன வேணும்?"

"தம்பி."

"அதான பாத்தேன். இங்கதான் நிப்பாஹ. வலப்பக்கம் எப்பவும் ஒரு ஆளு எடம் விட்டுத்தான் வந்து நிப்பாஹ. எடைவெளி விடாதீங்க நூகுன்னு நான் சத்தம் போடுவேன். 'இருங்க, தம்பி இன்னும் வரலை'ம்பாஹ. தக்பீர் கட்டுற நேரத்துலதான் மூடுவாஹ. வாரா வாரம் இதே கூத்து." மோதினார் அவன் தோளைத் தொட்டுப் பார்த்து, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வந்துட்டிய. அவஹதான் இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் சதக் உட்காரவில்லை. இடம் காலியாகத்தான் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தான். கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அவன் இறங்கியபோது ஷிஹாப் பஸ் ஸ்டாப்பிலேயே காத்திருந்தான். கமிட்டி கூடிவிட்டது, அடுத்த சனிக்கிழமை தைக்காவை இடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது, சாவி நூகு காக்கா வீட்டில் இருக்கிறது, வாங்கித் தர வேண்டியது செயலாளர் பொறுப்பு. "நீங்க ஆரம்பிச்சது காக்கா. நீங்களே முடிச்சு வைங்க. மூடிரும் பாருங்க" என்றான். அவன் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவனும் தன் உஸ்தாதின் தோள் காய வேண்டும் என்றுதான் விரும்பினான்.

நூகு காக்காவின் மனைவி மைமூன் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டிய மாதங்கள் அவை. கொழுந்தனும் கதவுக்கு வெளியில் நின்றுதான் பேச வேண்டும். சதக் நடையில் நின்று கதவைப் பார்த்துப் பேசினான்.

"மதினி, தைக்கா சாவி வேணும்."

"எதுக்கு, இடிக்கவா?" உள்ளேயிருந்து குரல் உடனே வந்தது, அவன் வருவான் என்று கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததுபோல.

"உள்ள இருக்கிற சாமானை எடுத்து வைக்கணும் மொதல்ல."

"என்ன சாமான், மஹாராஜா சாமான்! நாலு பாயி, ஒரு சாம்பிராணிச் சட்டி."

உள்ளே முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம் கேட்டது, நின்றது.

"ஒங்க காக்கா எதுக்கு அந்த வெள்ளிக்கிழமை வாறேன்னாஹ, தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது மதினி."

"சைக்கிள் மிதிச்சு மிதிச்சு முட்டி வீங்கிப் போச்சு. தைக்காவுலயே ஒரு ஜும்ஆ நடத்திக்கிடுங்களேன், பாவா லெப்பை மாமாவும் அதைத்தானே சொல்றாஹன்னு ஒரு நாள் வாய்விட்டுட்டேன். கல்யாணமான நாள்லேருந்து அவஹ அப்படிக் கோவப்பட்டு நான் பாத்ததில்ல. 'தைக்கா என்ன தனி வீடாடி? பள்ளிவாசலுல ஒரு ரூமு அது. வாசல அடைச்சிட்டு ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு ஹூ ஹூன்னா அது அல்லாவ நெனைக்கிற திக்ரா? மூச்சு வாங்குது, அவ்வளவுதான்'னாஹ. அன்னைக்கே சொல்லிட்டாஹ, தம்பிகிட்ட எடம் போடச் சொல்றேன்னு."

சதக் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

"இப்ப ஒருத்தரு பச்சத் துணி போத்தணும்ங்காஹ, ஒருத்தரு இடிக்கணும்ங்காஹ. அந்த மனுசன் உசுரோட நின்னப்ப யாரு ஒட்டி நின்னிய? மீனு நாத்தம்னு ஆளாளுக்கு ஒரு சாண் தள்ளித்தானே நின்னிய? வெள்ளிக்கிழமை காலையில ஒரு சோப்புக் கட்டி முழுசாக் கரையும் எங்க வீட்டுல. தோலு உரியத் தேப்பாஹ. போயிட்டு வந்து, 'இன்னைக்கும் கொஞ்சம் காத்தாடத்தான் நின்னேன் மைமூன்'ம்பாஹ." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "நீங்களும்தான் தள்ளி நின்னிய. நீங்க சபுருக்குப் போறதுக்கு முந்தியே."

மார்க்கம் படிப்பதற்கு முன்னால், தம்மாமுக்குப் போவதற்கு முன்னால், புதுச் சட்டை போட்ட ஒரு வாலிபனாக, அண்ணனின் தோள் தன் சட்டையில் படாதபடி அவன் ஒதுங்கி நின்றதுண்டு. இடைவெளி அப்போதே இருந்தது. அதற்குக் காரணம்தான் பிறகு வந்து சேர்ந்தது.

கதவுக்குக் கீழ் இருந்த சந்து வழியாகச் சாவி வெளியே தள்ளப்பட்டது. "தொறந்து பாத்துட்டு இடிங்க" என்றாள் மைமூன்.

வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, சதக் சந்துப் பக்கம் போய்த் தைக்காவைத் திறந்தான். பாவா லெப்பை சொன்னபடி ஒளி எதுவும் அங்கே இல்லை, ஷிஹாப் சொன்னபடி கபுரோ படமோ விளக்கு மாடமோ எதுவும் இல்லை. நாலு பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது, சாம்பிராணிச் சட்டியில் பழைய சாம்பல் இருந்தது, தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்திருந்தது. அவனுக்கு உள்ளே இருக்கவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. சுவரோரமாக நடந்தான், திரும்பி நடந்தான், அப்படி நடந்துகொண்டே இருந்தபோது வடக்குச் சுவரில் ஒரு மரக்கதவு கையில் தட்டுப்பட்டது.

அவனுக்குத் தெரிந்த கதவுதான், ஊருக்கே தெரிந்த கதவுதான். பள்ளிவாசலின் தெற்குச் சுவரில், முதல் வரிசை முடிகிற இடத்தில் இருக்கும் கதவு. அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் பலகை, இடம் போடக் கூடாது என்ற போர்டு மாட்ட வசதியாக இருந்த பலகை. ஆணியை அடித்தவனே அவன்தான். தாழ்ப்பாள் தைக்கா பக்கம் இருந்தது. துருவைத் தட்டி அதை இழுத்தான். கதவு பள்ளிவாசலுக்குள் திறந்தது, அதில் தொங்கிய போர்டு ஆடி, மரத்தில் இரண்டு தடவை மோதியது. ஹவுளிலிருந்து ஈரக்காற்று தைக்காவுக்குள் வந்தது.

பள்ளிவாசலில் யாரும் இல்லை. ஜும்ஆவுக்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. சதக் ஆணியிலிருந்து போர்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தான். நேராக முதல் வரிசைக்குப் போய், தான் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கத்தில், தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, சுருக்கம் இல்லாமல் விரித்தான். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மோதினார் துண்டைப் பார்த்துவிட்டு அதைச் சுற்றிக்கொண்டு போனார். கிதுரு மாஸ்டர் வந்து துண்டைத் தாண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்தார். பாவா லெப்பை திறந்து கிடந்த கதவைப் பார்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். ஷிஹாப் வேகமாக வந்து குனிந்து, சத்தம் வெளியே கேட்காமல் கேட்டான்.

"காக்கா, என்னது இது? யாருக்கு எடம் போட்டிருக்கிய?"

"எங்க காக்காவுக்கு."

"எடம் போடக் கூடாதுன்னு நீங்கதானே போர்டு மாட்டுனிய?"

"ஆமா. கூடாதுதான்" என்றான் சதக். "கேட்டாஹ. போட்டிருக்கேன்."

ஷிஹாப் நிமிர்ந்து நின்று அவனைப் பார்த்தான். கண் கலங்கி, கடைசி வரிசைக்குப் போய்விட்டான்.

குத்பா முடிந்தது, எழுந்தார்கள். ஹள்ரத் திரும்பி வரிசையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், இடைவெளி விடாதீங்க என்று அன்று மட்டும் சொல்லவில்லை. தக்பீர் கட்டினார். சதக்கின் தோள் குளிர்ந்தது. முதல் ரகஅத்தில் அவன் குளிர்ந்த பக்கமாகச் சாய்ந்து நின்றான், சட்டை நனைவதைப் பார்க்காமல், தோளோடு தோள் ஒட்டும்படி. ஓதுவது முழுதும் காதில் விழுந்தது. நெற்றியைத் தரையில் வைத்த ஸஜ்தாவில் மீன் வாடை வந்தது, அதற்கு மேல் சோப்பு வாடை வந்தது. கடைசியில் இடப்பக்கம் முகத்தைத் திருப்பி அவன் சலாம் சொன்னபோது குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது, இரண்டாம் வரிசை வரை கேட்டது.

துண்டு நெற்றி படும் இடத்திலும், இரண்டு உள்ளங்கை படும் இடத்திலும், இரண்டு முட்டி படும் இடத்திலும் நனைந்திருந்தது.

அன்று அஸருக்கு வரிசை கட்டியபோது கிதுரு மாஸ்டர் சாதாரணமாக ஒரு எட்டு வலப்பக்கம் நகர்ந்தார், அவருடைய கொழுத்த தோள் சதக்கின் தோளில் வந்து இடித்தது. "அட" என்றார் மாஸ்டர், தக்பீர் கட்டுவதற்கு முன்னால். வரிசை மூடிவிட்டது. எத்தனையோ வாரம் சதக் எதற்காக அலைந்தானோ அது கிடைத்துவிட்டது. இடது தோள் சூடாக இருந்தது, வெங்காய வாடை அடித்தது, சட்டைக்கை காய்ந்து கிடந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. மஃரிபில் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான், இஷாவில் வேறு வரிசையில் நின்று பார்த்தான், எங்கே நின்றாலும் யாராவது வந்து ஒட்டி நின்றார்கள். அதற்கப்புறம் அவன் உயிரோடு இருந்த வருடங்களிலெல்லாம் தக்பீர் கட்டும் முன் இடப்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்வான், பக்கத்தில் நிற்பவர்கள் தங்களைத்தான் பார்க்கிறான் என்று நினைத்து இன்னும் ஒட்டி நிற்பார்கள்.

தைக்காவை இடிக்க வந்த ஆட்களைச் சனிக்கிழமை அவனே கூலி கொடுத்துத் திருப்பி அனுப்பினான், செயலாளர் பொறுப்பையும் விட்டான். ஷிஹாப் கொஞ்சம் பேரோடு வேறு பள்ளிக்குப் போனான், பெருநாளைக்கு மட்டும் இங்கே வருவான். கம்பி அடைக்க இடம் கிடைக்காத கோபத்தில் பாவா லெப்பை சதக்கோடு பேசவே இல்லை, ஆனால் வியாழக்கிழமை ராத்திபுக்குச் சந்து வழியாக வராமல் பள்ளிவாசல் வழியாக வரத் தொடங்கினார். சதக் ராத்திபில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அதில் சிலது பித்அத் என்றே கடைசி வரை சொன்னான். அவர்கள் முடிக்கும்வரை கதவுக்கு இந்தப் பக்கம், தூணில் சாய்ந்து நிற்பான், முடிந்ததும் விளக்கை அணைப்பான், பூட்டுவான்.

போர்டைத் திரும்ப யாரும் மாட்டவில்லை. ஆணி மட்டும் கதவில் இருக்கிறது. தைக்கா சாவி அதில்தான் தொங்குகிறது.